நூற்று ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர்

“இருபத்தேழு வருஷ மழை, டீச்சர். அதைப் பாத்துத் ‘தெரியாது’ங்குது உங்க கருவி.”

சுடலைமுத்து அன்றைய காலையை இப்படித்தான் தொடங்கினார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஜெசிந்தா டீச்சர் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

மலையின் பெயரைச் சொன்னால் நீங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அங்கே இருப்பது ஒரு வீடு, இரண்டு நாற்காலி. மற்றதெல்லாம் மூடுபனி. உங்களுக்கு உட்கார இடம் கிடையாது.

டீச்சருக்கு வயது முப்பத்தாறு. சீடர் சுடலைமுத்துவுக்கு அறுபத்தொன்று. முதல் வாரம் மட்டும் இருவருக்கும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

டீச்சர் எழுதிப் பராமரித்துவந்த கருவியின் பெயர் ‘எது’. கறுப்புத் திரையில் ‘எது’ என்று தட்டிப் பக்கத்தில் ஒரு கோப்பின் பெயரைத் தட்ட வேண்டும். அந்தக் கோப்பு படமா, பாட்டா, எழுத்தா என்று ஒரே வரியில் சொல்லும்.

கோப்புக்கு வைத்த பெயரை அது நம்பாது. பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாமே. கணினிக்குள் எல்லாமே எண்கள்தான்; அது உள்ளே எட்டிப் பார்த்து, தொடக்கத்தில் உள்ள சில எண்களைத் தன் விதிகளோடு ஒப்பிடும். எந்த விதியிலும் சிக்காவிட்டால், எழுத்தாக இருக்குமோ என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

கருவி இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திட்டலாம். திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

சுடலைமுத்து முன்பு ஒரு சின்ன வானிலை நிலையத்தில் மழைமானியைப் பார்த்துக்கொண்டவர். அந்த மானி நாளுக்கு ஒரு கோப்பு எழுதும். பிறகு மானி பழுதாகி, நிலையத்தையும் மூடினார்கள். ஒன்பதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கோப்புகள் அவரோடு வீட்டுக்கு வந்தன. வேறு யாரிடமும் பிரதி இல்லை.

“எனக்கு அப்புறம் இது என்னதுன்னு யாருக்குத் தெரியும்? எம் மவன் ஒருநாள் உங்க கருவியப் போட்டுப் பாப்பான். ‘தெரியாது’ன்னு வரும். அழிச்சிருவான்.”

மழைமேல் ஒரு மனிதனுக்கு இவ்வளவு பாசமா என்று கேட்காதீர்கள். இருபத்தேழு வருடம் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டீர்களோ, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

“உங்க மழை எப்படித் தொடங்கும், அண்ணாச்சி?”

“இருநூத்தி இருவத்தி நாலு. அடுத்தது நூத்தி எழுவத்தி நாலு.”

“அப்புறம்?”

“அப்புறம் அன்னைக்குப் பேஞ்ச மில்லிமீட்டரு.”

“அப்போ அடையாளம்னு இருக்கது ரெண்டே ரெண்டு எண்ணு.”

“ஒரு கோப்புலகூட அந்த ரெண்டும் மாறினதில்ல, டீச்சர்.”

டீச்சர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து டொக், டொக் என்று இரண்டு சத்தம் கேட்டது.

“யாரு வாரா, சொல்லுங்க.”

“பால்காரர் பொன்னையா. அவரு கம்பு ஊனுத சத்தம்.”

சற்று நேரத்தில் மூடுபனியிலிருந்து ஒரு மட்டக்குதிரை தலையை நீட்டியது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு வந்த வழியே போய்விட்டது.

டீச்சர் மறுபடியும் கஞ்சியை எடுத்துக்கொண்டார்.

“குதிர வந்ததுக்கு நான் என்ன செய்ய?” என்றார் சுடலைமுத்து.

சீடர்களிலும் பல ரகம்.

*

புரட்டாசி முடிவில் டீச்சர் பையைத் தோளில் மாட்டினார்.

“தங்கச்சிக்கு நாள் நெருங்கிருச்சு. நான் வர பத்து நாள் ஆவும். பதிப்பு ஒன்பது தயாரா இருக்கு. நீங்களே வெளியிட்டிருங்க.”

சொல்லிவிட்டு வெளியீட்டுச் சாவியைக் கொடுத்தார். இரும்புச் சாவி இல்லை. அதுவும் ஒரு கோப்புதான். அந்தச் சாவியால் முத்திரை வைத்த பதிப்பை மட்டுமே உலகத்துக் கணினிகள் நம்பி உள்ளே விடும். மூன்று வருடத்தில் அதை டீச்சர் யார் கையிலும் கொடுத்ததில்லை.

“எம் மழைய என்ன செய்யட்டும், டீச்சர்?”

“சாவி உங்க கையில இருக்கு, அண்ணாச்சி.”

இதை அனுமதி என்று எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வதா? சுடலைமுத்து தனக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டீச்சர் இறங்கிப் போனார். பத்தடியில் கால் மறைந்தது. பன்னிரண்டடியில் பையும் மறைந்தது.

சுடலைமுத்து கருவியின் விதிப் புத்தகத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தார். முதல் எண் 224, இரண்டாம் எண் 174 என்றால், அது மழைமானிப் பதிவு. மூன்றாம் எண் அன்றைய மழை.

வெளியீட்டுக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. ‘எது’வின் மாதிரிப் பெட்டியில் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் இருந்தன. பின்லாந்தில் ஒருவர் தன் படகின் வரைபடத்தை அனுப்பியிருந்தார். பிரேசிலில் ஒரு பெண் தன் தாத்தாவின் பியானோ இசையை அனுப்பியிருந்தார். யாருக்கெல்லாம் எந்தக் கோப்புமேல் அக்கறையோ, அவர்கள் ஒரு மாதிரி அனுப்புவார்கள். புதுப் பதிப்பு அத்தனையையும் சரியாகச் சொன்னால்தான் வெளியே போகலாம்.

சுடலைமுத்து ஓட்டிப் பார்த்தார். மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டும் சரி.

கருவியின் பெயர் தமிழ். எழுதியவர் தமிழர். சரிபார்த்தவரும் தமிழர். பெட்டிக்குள் தமிழில் எழுதிய கோப்பு ஒன்றுகூட இல்லை. நம்முடையதுதான் நமக்குத் தெரியுமே என்று இருவருமே அதைப் போடவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை. அதன் உச்சியில்தான் இணையம் வரும். சுடலைமுத்து மடிக்கணினியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். முத்திரை வைத்தார். பதிப்பு ஒன்பதை வெளியே விட்டார்.

பிறகு அங்கேயே உட்கார்ந்து தன் கோப்பு ஒன்றைப் பற்றி ‘எது’விடம் கேட்டார்.

‘மழைமானிப் பதிவு, 41 மில்லிமீட்டர்.’

அந்தக் கோப்பு எழுதப்பட்டது ஒரு தீபாவளி நாளில். பட்டாசெல்லாம் நனைந்துபோன தீபாவளி. சுடலைமுத்து பாறைமேல் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில்தான்.

*

அன்று மதியம் தூங்கும்போது ஒரு கனவு.

உலகத்தில் உள்ள கோப்புகளெல்லாம் மலையேறி வந்தன. மூடுபனிக்குள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றாக அவர் முன்னால் வந்து, “நான் யாரு?” என்று கேட்டது.

“மழை” என்றார்.

அது மழையாகிப் பெய்துவிட்டுப் போனது. அடுத்தது வந்தது.

“நான் யாரு?”

“மழை.”

விழித்தபோது தலையணை ஈரமாக இருந்தது. கூரை ஒழுகியிருந்தது.

நல்ல கனவு என்றுதான் அவர் நினைத்தார்.

*

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, பாறை உச்சியில் ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் பெயர் ஆமினா. ஒரு கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கட்டு அவிழ்ப்பது அவர் வேலை.

‘ஐயா, கட்டு அவிழ்த்ததும் ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். முதல்ல என்ன பாத்தீங்கன்னு. அவங்க சொல்றத அப்படியே கம்ப்யூட்டர்ல அடிச்சு வச்சிருவேன். ஆளுக்கு ஒரு கோப்பு. பதினோரு வருஷத்துல நாலாயிரத்து நூத்தி முப்பது பேர்.

எங்க கம்ப்யூட்டர்ல ஞாயித்துக்கிழமை தோறும் தானா சுத்தம் பண்ற ஏற்பாடு இருக்கு. எழுத்துன்னா வச்சுக்கும். மெஷின் பதிவுன்னா தூக்கிப் போட்டுரும். எது எழுத்து, எது மெஷின் பதிவுன்னு அதுக்குச் சொல்றது உங்க கருவிதான். போன ஞாயிறு என் நாலாயிரத்து நூத்தி முப்பதையும் மழைன்னு சொல்லித் தூக்கிப் போட்டுருச்சு.

அழிஞ்சதுமேல வேற எதுவும் எழுதிராம இருக்க ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி வச்சிருக்கேன். என் தங்கச்சிக்கு எப்பவோ அனுப்பின ஒண்ணு மட்டும் கிடைச்சுது. அத இதோட வச்சிருக்கேன். நீங்களே பாருங்க.

திரும்பக் கூப்பிட்டுக் கேட்டா அதே வார்த்தை வராதுங்க ஐயா.’

சுடலைமுத்து அந்தக் கோப்பைத் திறந்தார்.

‘அந்தச் சுவத்துல ஒரு விரிசல் இருக்கு. எத்தன நாளா இருக்கு? யாருமே சொல்லலையே.’

‘எது’விடம் கேட்டார்.

‘மழைமானிப் பதிவு, 133 மில்லிமீட்டர்.’

புதிதாக ஒரு கோப்பைத் திறந்து ‘வெளிச்சம்’ என்று தட்டினார். கேட்டார். 181 மில்லிமீட்டர். ‘மகள்’ என்று தட்டினார். 174 மில்லிமீட்டர்.

கடைசியில் தன் பெயரைத் தட்டினார். சுடலைமுத்து.

‘மழைமானிப் பதிவு, 154 மில்லிமீட்டர்.’

தமிழில் எந்த எழுத்தில் தொடங்கினாலும், கணினிக்குள் அதன் முதல் எண் 224. இரண்டாம் எண் 174. எந்த எழுத்து என்பதை மூன்றாம் எண்தான் சொல்லும். அப்படித்தான் எப்போதோ யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். மழைமானி செய்தவர்களும் வேறெங்கோ உட்கார்ந்து அதே இரண்டு எண்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள். யார்மேல் கோபப்பட?

அவர் ஆமினாவுக்கு உடனே பதில் எழுதினார். ‘தப்பு என்னோடது. டிஸ்க்குல அழிஞ்சதப் பழைய பதிப்பு எட்டைப் போட்டுத் தேடச் சொல்லுங்க. அது உங்க எழுத்தை எழுத்துன்னே சொல்லும்.’

பதிப்பு ஒன்பதை அவர் அப்போதே திரும்பப் பெற்றிருக்கலாம்.

பெறவில்லை. ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் மழையையும் எழுத்தையும் ஒன்றாகக் காப்பாற்ற வழி இருக்கும் என்று நினைத்தார். ஆசை யாரை விட்டது?

*

வெள்ளிக்கிழமை டீச்சர் மூடுபனியிலிருந்து வெளியே வந்தார். முதலில் பை, பிறகு முகம்.

“என்ன குழந்த, டீச்சர்?”

“பொம்பளப் பிள்ள. நல்லா இருக்கா. நீங்க ஏன் இப்படி இருக்கீங்க?”

சுடலைமுத்து கடிதத்தைக் காட்டினார். டீச்சர் நின்றபடியே படித்தார். பிறகு இன்னொரு முறை உட்கார்ந்து படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தார் சுடலைமுத்து. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஒரு வழி இருக்கு, டீச்சர். தமிழ் எழுத்துன்னா மூணாவது எண்ணு எப்பவும் நூத்தி இருவத்தெட்டு, அதுக்கு மேலதான். அப்போ அதுக்குக் கீழ இருந்தா மட்டும் மழைன்னு சொல்லச் சொல்லுவோம்.”

“அதுக்கு மேல பேஞ்ச மழை?”

“அது போவட்டும். பெருமழை எத்தன நாள் பேஞ்சுது, ஒரு இருவது நாள் இருக்கும். அதுல ஒருநாள் பாலமே போயிருச்சு. இடுப்பளவு தண்ணியில போயி மானியப் பாத்தேன்.”

“போவட்டும்” என்றார் மறுபடி. “மிச்சம் மழையாவது பேரோட இருக்கும்லா.”

“சரி. தமிழுக்கு ஆபத்தில்ல. அந்த ரெண்டு எண்ணுல தொடங்குற வேற கோப்பு உலகத்துல என்னெல்லாம் இருக்கு, அண்ணாச்சி?”

“வேறயா?”

“ஆமா. வேற யாரோடது.”

சுடலைமுத்து யோசித்தார். பின்லாந்துப் படகை நினைத்தார். பிரேசில் பியானோவை நினைத்தார். தனக்குப் பெயர் தெரியாத ஊர்களில், தான் பார்த்திராத எந்திரங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகளை நினைத்தார்.

“எனக்குத் தெரியாதே, டீச்சர்.”

“கருவியும் உங்கள மாதிரிதான் சொல்லிட்டு இருந்துச்சு. நீங்கதான் அதைப் பேச விடல.”

டீச்சர் எழுந்து உள்ளே போய்விட்டார். பத்து நாள் அழுக்குத் துணி இருந்தது அவருக்கு.

*

சனிக்கிழமை காலை. சுடலைமுத்து பாறைமேல் தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஒரு வரியை அழிக்க வேண்டும். ஒரு விரல் போதும். அவருக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

அழிப்பதற்கு முன், தன் கோப்புகள் ஒவ்வொன்றையும் கடைசியாக ஒருமுறை ‘எது’விடம் கேட்டார். மழைமானிப் பதிவு, மழைமானிப் பதிவு, மழைமானிப் பதிவு. திரை முழுக்க மழை பெய்தது.

பிறகு அழித்தார்.

மாதிரிப் பெட்டியில் ஆமினாவின் விரிசலைச் சேர்த்தார். மூவாயிரத்து நூற்றுப் பதின்மூன்று.

வெளியீடு ஒவ்வொன்றோடும் ஒரு குறிப்பு போக வேண்டும். இந்தப் பதிப்பு புதிதாக எதையெல்லாம் கண்டுபிடிக்கும் என்று பெருமையாக நாலு வரி எழுதுவது வழக்கம். சுடலைமுத்து எழுதினார்:

‘பதிப்பு 9.1. இதற்கு ஒன்று குறைவாகத் தெரியும். முந்தைய பதிப்பில் தமிழ் எழுத்தையெல்லாம் மழையென்று சொல்லவைத்தது நான். தயவுசெய்து இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். சுடலைமுத்து.’

பாறையேறி வந்த டீச்சர் படித்துப் பார்த்தார். ‘தயவுசெய்து’ என்ற சொல்லை மட்டும் முதலுக்கு நகர்த்தினார்.

முத்திரை வைத்தபின் சுடலைமுத்து சாவியைத் திருப்பி நீட்டினார். டீச்சர் அதைப் பார்க்காத மாதிரி பாறையிலிருந்து இறங்கினார்.

*

திங்கட்கிழமை ஆமினாவின் இரண்டாவது கடிதம் வந்தது.

‘டிஸ்க்கத் தோண்டினதுல பேர் இல்லாத துண்டா அறுபது லட்சம் கிடைச்சுது ஐயா. பழைய பதிப்பப் போட்டுப் பிரிச்சோம். நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு திரும்ப வந்துருச்சு. மிச்சம் பதினெட்டு மேல வேற என்னமோ எழுதிருச்சு. இனி வராது. அந்தப் பதினெட்டுப் பேர் ஊரும் பேரும் பதிவேட்டுல இருக்கு. எனக்கு மனசு கேக்கல. உங்களுக்கும் கேக்காதுன்னு நினைக்கிறேன்.’

கீழே பதினெட்டுப் பெயர்கள்.

“இதுக்கு நான் என்ன பண்ண, டீச்சர்? எந்தப் பதிப்ப விட்டாலும் இது வராதே.”

டீச்சர் கையை நீட்டினார். நீட்டிய திசையில் பாதை இருந்தது. அல்லது மூடுபனி இருந்தது. அன்றைக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

சுடலைமுத்து செருப்பை மாட்டினார்.

*

சமவெளியில் வெயிலுக்குக் கண் கூசியது. எல்லாம் அளவுக்கு மீறித் துலக்கமாக இருந்தன. மூன்று வருடம் மலையில் இருந்துவிட்டு இறங்கினால் அப்படித்தான்.

பதினெட்டுப் பேரில் ஒருவர் இறந்துபோயிருந்தார். இருவர் ஊர் மாறியிருந்தார்கள். ஓர் அம்மா, “அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு, போய்யா” என்று கதவைச் சாத்திவிட்டு, பேருந்து நிறுத்தம்வரை பின்னாலேயே ஓடிவந்து சொன்னார். அவர் முதலில் பார்த்தது தன் கைகளை. “இவ்வளவு சுருக்கமான்னு அழுதேன்.”

சுடலைமுத்து ஒவ்வொன்றையும் அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டார். பழைய வார்த்தையா, புது வார்த்தையா என்று யாரைக் கேட்பது?

பதினைந்தாவது ஆள் பாண்டித்துரை. பேருந்து நிலையத்துக்கு எதிரே பரோட்டா மாஸ்டர். ஐம்பது வயதிருக்கும். மாவை வீசிக்கொண்டே பேசினார்.

“கட்டு அவுத்தப்பவா? ஞாபகம் இல்லாம இருக்குமா. ரெண்டு வருஷம் இருட்டுல கெடந்தவன்யா நான்.”

“மொதல்ல என்னத்தப் பாத்தீங்க?”

“ஒரு ஆளப் பாத்தேன். கதவோரமா நின்னாரு. நீலச் சட்ட. என்னப் பாத்துச் சிரிச்சாரு.”

சுடலைமுத்து எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் கேட்டார்.

“யாரு அவரு? டாக்டரா?”

“இல்ல.”

“சொந்தக்காரரா?”

“இல்லய்யா.”

“அப்போ யாரு?”

பாண்டித்துரை மாவைக் கல்லில் போட்டார். முதல்முறையாகச் சுடலைமுத்துவை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு வயதான மனிதர் இப்படி ஒரு கேள்வி கேட்கிறாரே என்று அவருக்கு ஆச்சரியம்.

“அத யாருய்யா கேட்டா? அவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.”